மோட்டார் விதிமுறையில் உடன்பாடு காணும் வழி

சேலம், ஆத்தூர் வட்டாரச் சேகோ ஆலைக்காரர்களும் ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்களும் கூடி, தாங்கள் வாங்கும் மின்மோட்டார்களுக்குப் பொது விதிமுறை ஒன்றை எழுத அமர்ந்தால், தண்டின் விட்டமும் அடித்துளைகளின் இடைவெளியும் அரை நாளில் முடிவாகிவிடும். பயனுறுதிறன் (வாங்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு) எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்ததும் இழுபறி தொடங்கும்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்து, அளக்கும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள். மோட்டாருக்குள் வீணாகும் ஆற்றலில் நேரடியாகப் பிரித்து அளக்க இயலாத ஒரு பகுதி உண்டு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் பழைய விதிமுறை அதை அளக்காமல், முழுச்சுமையில் உள்ளீட்டின் 0.5 சதவீதம் என வைத்துக்கொண்டது. ஜப்பானிய விதிமுறை அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அமெரிக்க முறையோ சோதித்தறியச் சொன்னது. ஒரே மோட்டாருக்கு மூன்று விதமான பயனுறுதிறன் அளவுகள் கிடைத்தன! 2007-இல் ஆணையம் அளவீட்டு முறையைத் திருத்திய பிறகே, 2008-இல் ஐஇ1, ஐஇ2, ஐஇ3 என்ற பயனுறுதிறன் வகுப்புகள் வந்தன.

அடுத்து, சூழலை எழுதுங்கள். ஆணையத்தின் 60034-1 விதிமுறை, சுற்றுவெப்பம் 40 டிகிரிக்கும் உயரம் 1000 மீட்டருக்கும் மிகாத இடத்தையே இயல்பாகக் கொள்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்று மெலிந்து மோட்டார் ஆறுவது குறையும். சேலத்தில் கத்திரி வெயிலும் வறுவல் அடுப்பும் சேர்ந்து 40 டிகிரியைத் தாண்டச் செய்யும். இரு தரப்பும் தத்தம் இடத்தைப் பற்றிச் சொல்வது உண்மையாக இருக்கையில் சராசரி எடுப்பது இருவருக்குமே பொய்யாகும் என்பதால், இடத்துக்கு ஒரு திருத்தக் கணக்கு வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் உடன்படாதவரிடம், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று கேளுங்கள். (என் அனுபவத்தில், தொழில்நுட்ப வாதம் பலவற்றின் அடியில் பணக் கணக்குதான் இருக்கும்.) 7.5 கிலோவாட் மோட்டாரின் பயனுறுதிறன் 88-இலிருந்து 90 சதவீதமாக உயர்ந்தால் மணிக்குச் சுமார் 0.19 யூனிட் மிச்சம். 3000 மணி நேரம் ஓட்டும் ஆலைக்கு இது ஏறத்தாழ 570 யூனிட். அறுவடைக் காலத்தில் 200 மணி நேரம் மட்டும் பழம் உரிக்கும் தோட்டத்துக்கு வெறும் 38. விலை கூடிய மோட்டாரைத் தோட்டக்காரர் மறுப்பதில் பிடிவாதம் ஏதுமில்லை. ஓடும் நேரத்தை வைத்து விதியை இரு வகுப்பாகப் பிரித்துவிடலாம்.

உடன்பாடு என்பதற்கு ஒருமனம் அவசியமில்லை என்றே சர்வதேசத் தர அமைப்பின் வரையறையும் கூறுகிறது; முக்கியமான விஷயத்தில் நீடித்த எதிர்ப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எஞ்சும் மறுப்பை, மறுத்தவரின் சொற்களிலேயே கூட்டக் குறிப்பில் பதிந்து, எந்த அளவீடு கிடைத்தால் விதி மறுபரிசீலனைக்கு வரும் என்பதையும் அதன்கீழ் எழுதி, அவரிடமே கையொப்பம் பெறுங்கள்.