வெளிநாடு சென்றதும் ஊர் வங்கிக் கணக்கையும் கவனியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் செல்பவர்கள், அங்கே வேலை அனுமதி அட்டை பெறுவதிலும் வங்கிக் கணக்கு தொடங்குவதிலும் காட்டும் அக்கறையை, ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கின்மீது பெரும்பாலும் காட்டுவதில்லை. வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால், அந்நியச் செலாவணி விதிகளின்படி அதனை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர்கள் தங்கள் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றியாக வேண்டும். வீட்டு வாடகை போன்ற இந்திய வருமானம் அதில் சேரும். பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீடு (செட்டிநாட்டுப் பூர்வீக வீடு) என்றால், வாடகை யார் கணக்கில் சேர வேண்டும் என்பதை எழுத்தில் தெளிவாக்கிவிட்டுப் புறப்படுவது நல்லது.

சம்பளத்தை அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கே (வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை இந்தியாவில் ரூபாயாகப் போட்டுவைக்கும் கணக்கு) ஏற்றது, அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது என்பதோடு, அசலையும் வட்டியையும் தடையின்றி வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வங்கியின் ஓடிபி வருவதற்காக இந்தியக் கைபேசி எண்ணை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள்.