என் வாரம் ஏன் மாறவில்லை: டைம்ஷேர் பரிமாற்றத்தில் என் அனுபவம்

பாளையங்கோட்டையில் வசிக்கும் எங்களுக்குக் கொடைக்கானல் விடுதி ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் டைம்ஷேர் உரிமை உண்டு. அதைக் கோவாவுக்கு மாற்றிக்கொள்ள 11 நாள்கள் தேடியும், இத்தகைய வாரங்களை உறுப்பினர்களிடையே மாற்றித்தரும் பரிமாற்ற நிறுவனத்தின் தளத்தில் ஓர் அறைகூடத் தென்படவில்லை. தேதிகளை மாற்றினேன், உறுப்பினர் கட்டணத்தைப் புதுப்பித்தேன், பயனில்லை.

இம்முறையில் நம் வாரத்தை முதலில் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். பருவம், அறையின் அளவு, எவ்வளவு முன்கூட்டி ஒப்படைத்தோம் என்பவற்றைக் கொண்டு அதன் மாற்று மதிப்பு அமையும். குற்றாலத்தில் ஆடிச் சாரலில் கிடைக்கும் அறையும் பங்குனி வெயிலில் கிடைக்கும் அறையும் ஒன்றாகா அல்லவா? மதிப்புக் குறைவே காரணம் என்று நானும் நம்பிவிட்டேன்.

உண்மையில் என் வாரம் ஒப்படைக்கப்படவே இல்லை. கணக்குப் பக்கத்தின் அடியில், ‘விடுதியின் உறுதிப்பாடு நிலுவையில்’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்தியபோது அதன் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டியை நான் சேர்க்கவில்லை. அந்தப் பாக்கி தீராததால் விடுதி வாரத்தை விடுவிக்காமல் வைத்திருந்தது. அதைச் செலுத்தி, ரசீதை அனுப்பி, உறுதிப்படுத்தக் கேட்ட மறுநாளே பட்டியல் திறந்தது. ஒரே தேதியைக் கேட்காமல், மூன்று வாரங்களுக்குள் எந்தத் தேதியானாலும் சரி என்று, பொருந்தும் அறை வரும்வரை தளமே தேடும் தொடர் தேடலில் பதிந்தேன். நான்காம் நாள் கோவா உறுதியானதும் பெரும் நிம்மதி அடைந்தேன்.