டேப்லெட்டில் அழைப்பு வந்தால் மணி அடிக்கவில்லையா? படிப்படியாகச் சரிசெய்வது எப்படி

டேப்லெட்டில் பாட்டு கேட்கிறது, வீடியோ ஓடுகிறது. யாராவது கூப்பிட்டால் மட்டும் சத்தமே இல்லை. பிறகு எடுத்துப் பார்த்தால் தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கின்றன. பாட்டு கேட்கிறது என்றாலே ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கோ ஓர் அமைப்பு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கத் தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை. ஒரே நேரத்தில் பத்து அமைப்புகளை மாற்றாமல், ஒன்றை மாற்றி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, அப்புறம் அடுத்ததற்குப் போகும் பொறுமை மட்டும் வேண்டும்.

1. முதலில் திரையைக் கவனியுங்கள்

இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டுத்தான் பலர் மணிக்கணக்கில் அலைகிறார்கள். டேப்லெட்டின் திரையை அணைத்து வையுங்கள். சில நிமிடம் கழித்து வேறொரு போனிலிருந்து கூப்பிடுங்கள். எந்த வகை அழைப்பில் சத்தம் வரவில்லையோ அதே வகையில் கூப்பிட வேண்டும்: சிம் எண்ணுக்கு வரும் அழைப்பு என்றால் அந்த எண்ணுக்கு, வாட்ஸ்அப் என்றால் வாட்ஸ்அப்பில்.

திரை ஒளிர்ந்து, கூப்பிடுகிறவர் பெயரும் தெரிந்து, சத்தம் மட்டும் இல்லையென்றால் அழைப்பு ஒழுங்காக வந்துவிட்டது. குறை ஒலி அமைப்பில். 2, 3, 4 ஆகிய படிகளைப் பாருங்கள்.

திரை இருட்டாகவே இருந்து, நீங்கள் கையில் எடுத்துத் திறந்த பிறகுதான் ‘தவறிய அழைப்பு’ என்று காட்டுகிறதா? அப்படியானால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ அதை மறைத்திருக்கலாம், அல்லது அழைப்பே நேரத்துக்கு வந்து சேராமல் இருந்திருக்கலாம். வால்யூமை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை. 3-ஆம் படியை மட்டும் பார்த்துவிட்டு நேராக 5-க்குப் போங்கள்.

2. ரிங் வால்யூம் வேறு, பாட்டு வால்யூம் வேறு

ஆண்ட்ராய்டில் பாட்டு, ரிங்டோன், அலாரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வால்யூம் உண்டு. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், பக்கவாட்டு பட்டனை அழுத்தினால் இயல்பாக மாறுவது பாட்டு, வீடியோவின் வால்யூம்தான். பட்டனை அழுத்தி முழுவதும் ஏற்றிவிட்டோம் என்று நினைத்திருப்போம். ரிங் வால்யூம் பூஜ்யத்திலேயே கிடக்கும். ஆண்ட்ராய்டு 14-இல் நோட்டிஃபிகேஷன் வால்யூமும் ரிங்கிலிருந்து பிரிந்துவிட்டது. அதனால் மெசேஜ் வரும்போது சத்தம் கேட்பதை வைத்து ரிங் வால்யூமும் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

செட்டிங்ஸைத் திறந்து ‘சவுண்ட்’ பகுதிக்குப் போங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்துப் பெயர் கொஞ்சம் மாறலாம். அங்கே ரிங்டோனுக்கான கோட்டை நன்றாக உயர்த்துங்கள். வைஃபை மட்டும் உள்ள சில டேப்லெட்டுகளில் ரிங் என்று தனிக் கோடு இருக்காது. நோட்டிஃபிகேஷன் கோட்டை உயர்த்தினால் போதும். அதே பக்கத்தில் ‘சைலன்ட்’ அல்லது ‘வைப்ரேட்’ தேர்வாகியிருந்தால் ‘சவுண்ட்’ என்று மாற்றுங்கள். பல டேப்லெட்டுகளில் அதிரும் மோட்டாரே கிடையாது. அவற்றில் வைப்ரேட் போட்டாலும் அதிர்வு இருக்காது, திரையைப் பார்த்தால்தான் அழைப்பு வந்தது தெரியும்.

ஐபேடில் செட்டிங்ஸ், ‘சவுண்ட்ஸ்’ போய் ரிங்டோன் கோட்டைப் பாருங்கள். பிறகு திரையின் வலது மேல் மூலையிலிருந்து கீழே இழுத்து, மணிப் படம் சைலன்டில் இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய ஐபேட்களில் பக்கவாட்டில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும், அது கைபட்டு நகர்ந்திருக்கலாம். 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-இல் அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டார்கள்.

3. டூ நாட் டிஸ்டர்ப்

அழைப்பு, மெசேஜ் சத்தங்களை அடக்கிவைக்கும் வசதி இது. அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான். மேலிருந்து கீழே இழுத்து, ஆண்ட்ராய்டில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’, ஐபேடில் பிறை நிலா போட்ட ‘ஃபோகஸ்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணையுங்கள்.

அணைத்த பிறகும் மறுநாள் அதே கதை என்றால், அதற்கு ஒரு நேர அட்டவணை போட்டிருக்கிறது. ‘ஷெட்யூல்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். இரவுக்கென்று வைத்த நேரம் பகல் வரை நீண்டிருக்கலாம்.

முதல் அழைப்புக்குச் சத்தம் இல்லை, உடனே மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்கிறது என்று சிலர் குழம்புவார்கள். அதுவும் இதன் அடையாளம்தான். அவசரமாக இருக்கலாம் என்று கருதி, ஒரே ஆள் மீண்டும் கூப்பிட்டால் அனுமதிக்கும் வசதி இதில் உண்டு. ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஆப்பிள் கருவிகளில் 3 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வர வேண்டும்.

ஐபேட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபோகஸ் பக்கத்தில் ‘ஷேர் அக்ராஸ் டிவைசஸ்’ இயக்கத்தில் இருந்தால், ஐபோனில் ஃபோகஸ் போட்டதும் ஐபேடும் சேர்ந்து அமைதியாகிவிடும்.

வயதான ஒருவர் இந்த டேப்லெட்டை நம்பியிருக்கிறார் என்றால், டூ நாட் டிஸ்டர்பை அணைப்பதோடு விட்டுவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் ‘கால்ஸ்’ பகுதியில், முக்கியமான உறவினர்களின் எண்களுக்கு அனுமதி கொடுத்துவையுங்கள். பின்னால் தவறுதலாக அது மறுபடி இயங்கினாலும் அவர்களுடைய அழைப்பு ஒலிக்கும்.

4. ரிங்டோனும் ப்ளூடூத்தும்

ரிங்டோன் ‘நன்’ (None, எதுவும் இல்லை) என்று இருந்தால் மாற்றுங்கள். மெமரி கார்டில் இருந்த பாட்டை ரிங்டோனாக வைத்து, கார்டை எடுத்துவிட்டாலும் சத்தம் போகலாம். டேப்லெட்டோடு வந்த ரிங்டோன் ஒன்றையே வைத்துச் சோதியுங்கள். அப்புறம் ப்ளூடூத்தை அணைத்து ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். சத்தம் அடுத்த அறையில் இருக்கும் இயர்பட்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

5. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் மட்டும் வரவில்லை என்றால்

ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலியின் நோட்டிஃபிகேஷனும் பல வகைகளாகப் பிரிந்திருக்கிறது. மெசேஜுக்குச் சத்தம் இருக்கும், அழைப்புக்கு மட்டும் அணைந்திருக்கும். செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தச் செயலி, நோட்டிஃபிகேஷன் என்று வரிசையாகப் போய், அழைப்புக்குரிய வகை ‘சைலன்ட்’ என்று இல்லாதபடி மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 13-லிருந்து புதிதாக நிறுவும் செயலி நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்கும். அப்போது வேண்டாம் என்று தட்டியிருந்தால் இங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

தெரியாத எண்கள் மட்டும் ஒலிக்கவில்லையா? 2023-இல் வாட்ஸ்அப் அதற்கென்றே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘பிரைவசி’, ‘கால்ஸ்’ போய் ‘சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்’ என்பதை அணையுங்கள்.

அழைப்பு தாமதமாக வந்து சேர்கிறது என்றால் பேட்டரி சேமிப்பைப் பாருங்கள். அதே ஆப்ஸ் பக்கத்தில் ‘பேட்டரி’ என்பதைத் திறந்து ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று வையுங்கள். பின்னணியில் டேட்டா பயன்படுத்தவும் அனுமதி இருக்க வேண்டும். ஒரு செயலியை ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்தால், நீங்களாகத் திறக்கும்வரை அதற்கு அழைப்பு வராது. டேப்லெட்டைச் சுத்தமாக வைப்பதாகச் சொல்லும் ‘கிளீனர்’ செயலிகள் இந்த வேலையைச் செய்யக்கூடும். அவற்றை நீக்கிவிடுவதே நல்லது.

6. ஐபோனுக்கு வரும் அழைப்பு ஐபேடில் ஒலிக்க

ஐபேடில் சிம் இருந்தாலும் அதன் எண்ணுக்குச் சாதாரண போன் அழைப்பு வராது. அந்தச் சிம் இணையத்துக்கு மட்டும். ஐபோனுக்கு வரும் அழைப்பைத்தான் அது வாங்கி ஒலிக்கும். அதற்கு இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கும் ஃபேஸ்டைமும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஐபோனில் போன் செட்டிங்ஸுக்குள் ‘கால்ஸ் ஆன் அதர் டிவைசஸ்’ பகுதியில் உங்கள் ஐபேடை இயக்குங்கள்.

7. எதுவும் உதவவில்லை என்றால்

டேப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சிஸ்டம் அப்டேட் காத்திருந்தால் நிறுவுங்கள். ஆண்ட்ராய்டில் ‘சேஃப் மோட்’ என்று ஒன்று உண்டு. அதில் நீங்கள் நிறுவிய செயலிகள் இயங்காது. சேஃப் மோடில் சிம் அழைப்பு ஒலித்தால், நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு செயலிதான் தடுக்கிறது. கடைசியாக நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப் அழைப்பை இந்த முறையில் சோதிக்க முடியாது, ஏனென்றால் வாட்ஸ்அப்பும் அப்போது இயங்காது.

ஐபேடிலும் பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும் ‘ரீசெட் ஆல் செட்டிங்ஸ்’ இருக்கிறது. அது அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும், படங்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். வைஃபை கடவுச்சொல்லை மறுபடி போட வேண்டியிருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபேக்டரி ரீசெட்’ என்பது எல்லாவற்றையும் அழித்துவிடும். பேக்கப் எடுக்காமல் அதைத் தொடவே தொடாதீர்கள். அதற்குப் பிறகும் மணி அடிக்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகலாம். எந்த வகை அழைப்பில் சத்தம் இல்லை, அப்போது திரை ஒளிர்கிறதா என்ற இரண்டு விவரங்களையும் அங்கே சொல்லுங்கள். அவர்கள் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.