கண்ணுக்குத் தெரியாவிட்டால் மறைந்துவிட்டதா? படத்துக்குள் ரகசியம் ஒளிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்மரம் சீவிய காலத்தில், பாலில் தண்ணீர் கலந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பாலின் அடர்த்தியை அளக்கும் மெட்ரோலாக் கருவியை உள்ளே மிதக்கவிட்டதும் அது காட்டிக் கொடுத்துவிடும் என்று சொல்வார். படத்துக்குள் செய்தி ஒளிக்க ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன். கண்ணை ஏமாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், மற்ற எல்லாத் தவறும் இங்கிருந்துதான் வருகிறது.

படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் 0 முதல் 255 வரையிலான எண்களால் ஆனது. அந்த எண்ணை 0, 1 என்ற இலக்கங்களால் எழுதும்போது கடைசியில் வரும் இலக்கம்தான் கடைசி பிட், செய்தியை அதில்தான் ஒளிக்கிறார்கள். அதை மாற்றினால் 100 என்பது 101 ஆகும், அவ்வளவுதான். ஆனால் சாதாரணப் படத்தில் 100 எத்தனை, 101 எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இரண்டும் பொதுவாகச் சமமாக இருக்காது. உள்ளே செய்தியை நிறைத்துவிட்டால் 100-101, 102-103 என்று ஜோடி ஜோடியாக எண்ணிக்கை சமமாகிவிடும். இதை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று ஜெர்மனியில் ஆய்வாளர்கள் வெஸ்ட்ஃபெல்டும் ஃபிட்ஸ்மனும் 1999-லேயே காட்டிவிட்டார்கள்.

சரி, கொஞ்சமாக ஒளித்தால்? நல்லதுதான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஆய்வாளர் ஆண்ட்ரூ கெர் குழுவினர் 2008-இல் சோதித்துக் காட்டிய வர்க்கமூல விதிப்படி, படம் 4 மடங்கு பெரிதானாலும் பாதுகாப்பாக ஒளிக்கக்கூடிய அளவு 2 மடங்குதான் கூடும், 100 மடங்கானால் 10 மடங்குதான். தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றியவர் மாதக் கடைசியில் தோட்டத்துக் கணக்கர் கிராணியின் கணக்கில் மாட்டுவதைப்போல, படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக ஒளித்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்குச் சுவடு கூடிக்கொண்டே போகும்.

இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுக்கவே எடுக்காதீர்கள், மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முடிந்தது கதை. நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும், மூலப்படத்தை அழித்துவிடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், செய்தியும் போய்விடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும், ஆனால் தீபாவளிப் படத்தைக்கூட ஆவணமாகவே அனுப்புகிற ஆள் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

அப்புறம், ஒளிப்பதையே பூட்டு என்று நம்பாதீர்கள். முறை தெரிந்தவர் உருவிப் படித்துவிடுவார், அதனால் செய்தியை முதலில் மறையாக்கம் செய்துவிட்டு, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டு, ஒளியுங்கள். கடவுச்சொல்லை அதே வாட்ஸ்அப்பில் தட்டாமல், ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போது நேரில் சொல்லுங்கள்.