மாதா உங்க சாமிதானே தம்பி? – விசுவாசத்தைப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையெல்லாம் காவிதான். 29ஆம் தேதி வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நாங்க சமயபுரத்துக்கு மஞ்ச கட்டிக்கிட்டு நடக்கிறோம். நீங்க காவி கட்டிக்கிட்டு நடக்கிறீங்க. மாதா உங்க சாமிதானே தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் என்னோடு வந்த பையன் முந்திக்கொண்டான். "மாதா சாமியே இல்லங்க. தெரியாமக் கும்பிட்டுக்கிட்டிருக்காங்க." பெரியவர் முகம் வாடிவிட்டது. அவர் பேரனுக்கு முடி இறக்கியதே வேளாங்கண்ணியில்தான்.

மரியா கடவுள் இல்லை என்பது கத்தோலிக்கப் போதனைதான். பையன் கவனிக்காமல் விட்டது 'கும்பிடுவது' என்ற சொல்லை. நம் பக்கத்தில் பெரியவர்களைப் பார்த்தாலும் "கும்பிடுறேங்க" என்கிறோம், கோயில் வாசலிலும் கும்பிடுகிறோம். ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. திருச்சபை இதைப் பிரித்துப் பேசுகிறது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், மரியாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம். இதற்கு இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. 'அருள் நிறைந்த மரியே' செபம் எப்படி முடிகிறது? "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று. நமக்காகக் கடவுளிடம் பேசச் சொல்லி ஒரு தாயிடம் கேட்கிறோம். இதைப் பெரியவரிடம் சொல்லியிருந்தால் அவர் மாதாவைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு போயிருப்பார். நடந்தவர்கள் எல்லாரும் அறியாதவர்கள் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த தவறு என்னுடையது. மறைக்கல்வி வகுப்பில் மூவொரு கடவுளை விளக்கப் பல வருஷம் கல்லணையைத்தான் சொல்லிவந்தேன். வருவது ஒரே தண்ணீர், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது, தந்தை, மகன், தூய ஆவி மூவரும் அப்படித்தான் என்று. பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஒருநாள் பக்கத்து வயல் அண்ணனிடம் இதையே சொன்னேன். விவசாயியாயிற்றே, விடுவாரா? "வெண்ணாத்துல கூடத் தொறந்தா காவிரியில கொறையுமே. அப்ப மகன் வந்ததுல தகப்பன் கொறைஞ்சு போயிட்டாரா?" என்றார். நான் யோசிப்பதற்குள் அடுத்தது: "தண்ணி பத்தாத வருஷம் முறை வச்சுல்ல விடுறாங்க? உங்க சாமியும் முறை வச்சு மாறி மாறி வர்றாரா?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அவர் கேட்ட இரண்டுமே திருச்சபை ஆதியிலேயே சந்தித்து மறுத்தவை. ஒரே ஆள்தான் வேறு வேறு தோற்றத்தில் வருகிறார் என்று 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் போதித்தார். அது தவறு என்று ஒதுக்கப்பட்டது. கடவுளைப் பங்கு போடவும் முடியாது. கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லும் உவமையும் முறை வைக்கிற கணக்குதான். இப்போதெல்லாம் நான் உவமையில் ஆரம்பிப்பதில்லை. இயேசு தந்தையிடம் செபித்தார், தூய ஆவியை அனுப்புவதாகச் சொன்னார், ஆனாலும் கடவுள் ஒருவரே என்று நம்புகிறோம், இதை முழுக்க அளந்து சொல்ல என்னால் ஆகாது என்கிறேன். அந்த அண்ணன் இதை மதித்தார். கல்லணையைச் சொன்னபோது மதிக்கவில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'ஆவி' என்றால் ஊர்க்காரர்களுக்குப் பேய் நினைவுதான் வரும். எடுத்த எடுப்பில் "நீங்க பாவி" என்றால் காதில் விழுவது வசவு. கோயிலுக்குள் புழங்கும் சொல்லை வெளியே எடுத்துப் போகும்போது அதன் பொருளையும் கூடவே எடுத்துப் போக வேண்டும்.

"இது வெள்ளைக்காரன் மதந்தானே?" என்று கேட்டால் உடனே இயேசுவின் சீடர் புனித தோமா கி.பி. 52இல் இந்தியாவுக்கு வந்ததை எடுத்து நீட்டுகிறோம். அது நாம் நேசித்துக் காத்துவரும் மரபு. மரபு என்றே சொல்லலாம். நம் கரையிலேயே ஆவணத்தோடு சொல்ல ஒன்று இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார் ஜெர்மானிய மறைபோதகரான சீகன்பால்க். வந்த புதிதில் கோயில் மண்சிலைகளை உடைத்ததை அவரே எழுதியிருக்கிறார். அதே மனிதர் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார், தமிழர்களுக்குக் கடிதம் எழுதி அவர்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்டார், பதில்களை ஜெர்மனில் பெயர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூல் 1867 வரை அச்சேறவில்லை. சிலையை உடைத்தவர் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பவர் நம்மை நம்புவார்.

"எங்களுக்குள்ள ஜாதி இல்ல" என்றும் சொல்லாதீர்கள். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதி கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களிலேயே பலர் எதிர்த்து நின்றார்கள். தனிக் கல்லறை இன்னும் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். இருக்கக்கூடாது என்பது நம் விசுவாசம், இருப்பது நம் பாவம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் சாவு வீட்டிலும் வாக்குறுதி கொடுக்காதீர்கள். "நம்புனா சுகமாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தவர், சுகமாகாதபோது அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "உங்களுக்காகச் செபிக்கவா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

பேதுருவின் முதல் கடிதம் 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தை நாம் அடிக்கடி சொல்கிறோம். விளக்கம் கேட்கிறவர்களுக்கு விடை சொல்ல ஆயத்தமாய் இருக்கச் சொல்கிறது அது, பணிவோடும் மரியாதையோடும். கேட்கிறவர்களுக்கு என்ற இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறோம்.

டீக்கடைப் பெரியவரை அடுத்த வாரம் தேடிப் போய்ப் பார்த்தேன். பையன் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, சமயபுரத்துக்கு விரதம் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டேன். டீ ஆறிப்போகும்வரை சொன்னார். பக்தர்கள் இருப்பது கிடக்கட்டும், பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்றார். மாசி, பங்குனியில்தான் எங்களுக்கும் தவக்காலம் வரும் என்றேன்.

"அப்படியா? உங்க ஏசுவும் பட்டினி கெடந்திருக்காரா தம்பி?"

"கெடந்தாருங்கய்யா. பாலைவனத்துல, 40 நாள்" என்று ஆரம்பித்தேன். பெரியவர் இன்னும் இரண்டு டீ சொன்னார்.