வட்டம் வரைஞ்சு அனுப்பாதீங்க: அமெரிக்கா சின்ன வயர்லெஸ் கம்பெனிகளுக்கு பிராட்பேண்ட் கணக்கு ஃபைல் பண்றது எப்படி

ஒத்தக்கடைல வீட்டு மாடில உக்காந்துக்கிட்டு அமெரிக்காக்காரனுக்கு கவர்மெண்ட் ஃபைலிங் பண்ணிக் குடுக்குறேன்னு தெரிஞ்சதுல இருந்து நம்ம பயலுக நாலஞ்சு பேரு போன் போட்டு எப்டி மாப்ள பண்றன்னு கேக்குறாய்ங்க, ஒவ்வொருத்தனுக்கா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா எழுதிப் போட்டுர்றேன். எக்செல் தெரிஞ்சு, கொஞ்சம் மேப் சாப்ட்வேர் தெரிஞ்சு, பொறுமையும் இருந்தா இத கத்துக்கிறலாம். பொறுமை இல்லாதவன் இங்கயே நிறுத்திக்கிறது நல்லது.

க்ளையன்ட் யாருன்னு மொதல்ல புரிஞ்சுக்கங்க. அங்க கிராமத்துப் பக்கம் டவர்லயும் தானியக் குதிர் உச்சிலயும் ஆன்டெனா கட்டி, வீட்டுக் கூரைல ஒரு சின்ன டிஷ் மாட்டி நெட் குடுக்குற கம்பெனிங்க நெறைய இருக்கு. நம்மூரு கேபிள் டிவிக்காரரு மாதிரி தான், முதலாளி ஒருத்தரு, அவரு வீட்டம்மா பில்லிங் பாப்பாங்க, ரெண்டு பேரு டவர் ஏறுவாய்ங்க, அம்புட்டுதான் ஆபீஸ். ஆனா எந்த வீட்டுக்கு நெட் குடுக்க முடியும், எத்தன பேரு வாங்கியிருக்காங்கன்னு பெரிய பெரிய கம்பெனி என்ன கணக்கு குடுக்கணுமோ அதே கணக்க இவங்களும் எஃப்.சி.சி-க்கு, அதாவது அமெரிக்காவோட தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு, குடுத்தாகணும், அங்கதான் நமக்கு வேலை.

முன்னாடி 477-னு ஒரு ஃபார்ம் இருந்துச்சு. அதுல சென்சஸ் பிளாக்னு ஒரு துண்டு நெலத்துல ஒரே ஒரு வீட்டுக்கு நெட் குடுக்க முடிஞ்சாலும் அந்த பிளாக் முழுக்க நெட் இருக்குன்னு கணக்கு. ஊருக்குள்ள பிளாக் ஒரு தெரு அளவுதான், பட்டிக்காட்டுல அது எங்குட்டோ போகும், நம்ம உசிலம்பட்டி பக்கம் ஒரு கம்மாய், நாப்பது தோட்டம், மூணு களம் எல்லாத்தையும் சேத்து ஒண்ணுன்னு வச்சுக்கங்களேன், அதுல ரோட்டோரத்து வீட்டுல நெட் இருக்குன்னு சொல்லி கடைசித் தோட்டத்துக்காரனுக்கும் இருக்குன்னு எழுதிட்டா எப்படி இருக்கும். இந்தக் கூத்த நிறுத்தத்தான் 2020 மார்ச்ல தனியா சட்டம் போட்டு, வீடு வீடா கணக்கு வாங்குற புது முறைய 2022 ஜூன் 30-ல இருந்து ஆரம்பிச்சாய்ங்க, அதே வருஷம் நவம்பர்ல தேசிய மேப் வெளிய வந்துச்சு, 477-ல இந்த பிளாக் கணக்கு வாங்குறத மூட்டை கட்டியாச்சு. நம்மூரு தொலைத்தொடர்பு ஆணையம் டிராய் மாசா மாசம் விடுற கணக்குல சந்தாதாரர் தலை எண்ணிக்கை வரும், இது வேற ரகம், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நம்பர் இருக்கும்.

வருஷத்துக்கு ரெண்டு தடவ. டிசம்பர் 31 நிலவரத்த மார்ச் 1-க்குள்ள, ஜூன் 30 நிலவரத்த செப்டம்பர் 1-க்குள்ள. நான் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிஞ்ச மறுநாளே மார்ச் வேலைய ஆரம்பிச்சுருவேன், ஏன்னா க்ளையன்ட் கிட்ட இருந்து டவர் லிஸ்ட் வாங்கவே மூணு வாரம் ஆகும். மெயில் போட்டா ஆளு டவர்ல இருக்கேன்னு பதில் வரும். நேரம் வேற, குளிர்காலத்துல அவங்க கிழக்குக் கரையோட நமக்கு பத்தரை மணி நேர வித்தியாசம், கோடைல ஒம்பதரை, கடைசி நாள்ல ஒரு சந்தேகம் கேக்கணும்னா ராத்திரி முழிச்சுக் கெடக்கணும்.

தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு சமாச்சாரம் வேணும். ஒண்ணு, கம்பெனியோட எஃப்.ஆர்.என், அதாவது எஃப்.சி.சி குடுக்குற பதிவு நம்பர், இத வச்சுத்தான் போர்ட்டலுக்குள்ள போக முடியும். இன்னொண்ணு ஃபேப்ரிக். துணி இல்லய்யா, நெட் குடுக்கக்கூடிய ஒவ்வொரு கட்டடத்தையும் புள்ளி வச்சு நம்பர் போட்ட பெரிய பட்டியலுக்குத்தான் அந்தப் பேரு, காஸ்ட்குவெஸ்ட்ங்கற கம்பெனி தயாரிக்குறது. கணக்கு குடுக்குறதுக்காக வாங்குனா காசு இல்ல, ஆனா லைசென்ஸ் கையெழுத்து உண்டு, வெளியாளா இருக்குற நமக்கும் அதுல அனுமதி இருக்கான்னு பாக்காம ஃபைல வாங்கித் தொடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா புது வெர்ஷன் வரும், பழச வச்சு ஓட்டுனா வேலை மொத்தமும் திரும்பப் பண்ணணும்.

இப்ப முக்கியமான எடம், எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். எந்தெந்த வீட்டுக்கு நெட் குடுக்க முடியும்னு சொல்லணும். க்ளையன்ட் பெரும்பாலும் என்ன சொல்லுவாருன்னா, என் டவர்ல இருந்து பத்து மைலு போகும், ஒரு வட்டம் போட்டு உள்ள இருக்குறத எல்லாம் எடுத்துக்கன்னு. போடாதீங்க. மாட்டுத்தாவணில ஒரு டவர் நட்டு பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டா யானைமலை அப்படியே வட்டத்துக்குள்ள படுத்துக் கெடக்கும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்குறவனுக்கு வட்டத்துல எடம் உண்டு, சிக்னல் கெடையாது. நான் தெனம் மாடில இருந்து அந்த மலையப் பாத்துக்கிட்டுத்தான் இந்த வேலைய பண்றேன், அதுனால எனக்கு இது மறக்காது.

அதுக்குத்தான் புரோபகேஷன் மாடல் ஓட்டணும், அதாவது சிக்னல் எங்க வரைக்கும் போகும்னு சாப்ட்வேர்ல கணக்கு போட்டு படம் எடுக்குறது. ஒவ்வொரு செக்டருக்கும், அதாவது டவர்ல ஒரு திசையப் பாத்து நிக்கிற ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும், ஆன்டெனா தரைல இருந்து எத்தன அடி, எந்தத் திசை, எவ்வளவு சாய்வு, என்ன பிரீக்வென்சி, என்ன பவர், அப்பறம் வீட்டுப் பக்கம் டிஷ் எத்தன அடி உயரத்துல மாட்டுவாங்க, இது எல்லாத்தையும் க்ளையன்ட்கிட்ட கேட்டு வாங்கிட்டு, நெல மேடு பள்ளத்தோட மரம் கட்டடத்தையும் சேத்து ஓட்டுங்க. மரத்த விட்டுட்டு ஓட்டுனா படம் அழகா பச்சையா வரும், அத்தனையும் பொய். அங்க பல மரம் குளிருக்கு மொத்த எலையும் கொட்டிரும், ஜனவரில போய் டெஸ்ட் பண்ணா சிக்னல் ஜோரா இருக்கும், ஜூன்ல எல துளுத்ததும் அதே வீட்டுல இருந்து நெட் வரலன்னு போன் வரும். நம்ம புளியமரம் மாதிரி வருஷம் பூரா ஒரே மாதிரி நிக்காதுங்கறத மனசுல வச்சு கோடை நிலவரத்துக்கே கணக்கு போடுங்க.

படம் வந்ததும் அத ஃபேப்ரிக் புள்ளிக மேல வச்சா உள்ள விழுற வீடெல்லாம் நம்ம லிஸ்ட். அதோட முடியல. ஒரு வீட்ட லிஸ்ட்ல போடணும்னா, அந்த வீட்டுக்காரரு கேட்ட பத்து வேலை நாளுக்குள்ள, நெட்வொர்க்க நீட்டிக்கிறதுக்குன்னு தனியா காசு கேக்காம, சாதா இன்ஸ்டலேஷன்ல குடுக்க முடியணும். செக்டர் ஃபுல்லாகி புது கனெக்ஷன நிறுத்தி வச்சிருக்காரா, அந்தப் பக்கத்து வீடுகள தூக்கிருங்கன்னு தான் நான் க்ளையன்ட்கிட்ட சொல்லுவேன். மூஞ்சி சுளிப்பாரு. அப்ப இத சொல்லுங்க: கவர்மெண்ட் 4,245 கோடி டாலர் ஒதுக்கி நெட் இல்லாத ஊருக்குக் குடுக்குற திட்டம் இந்த மேப்பத்தான் அடிப்படையா வச்சுது, டவுன்லோட் 25, அப்லோட் 3 எம்பிபிஎஸ் கூட கெடைக்காத வீட்ட நெட் இல்லாத வீடுன்னு எடுத்துக்கிட்டாய்ங்க, நீங்க இல்லாதத இருக்குன்னு எழுதுனா அந்த வீட்டுக்காரன் மானியம் போச்சு. மாத்தி, இருக்குறத எழுதாம விட்டா மானியத்த வாங்கிட்டு இன்னொருத்தன் உங்க ஏரியாவுலயே ஃபைபர் போட வந்துருவான். ரெண்டாவது காரணத்தச் சொன்னா தான் முதலாளி நிமிந்து உக்காருவாரு, இது என் அனுபவம்.

இந்த லிஸ்ட்ட போர்ட்டல்ல ஏத்துற சிஎஸ்வி ஃபைல் பெருசா ஒண்ணும் இல்ல, எட்டு காலம் (column). கம்பெனி நம்பர் (ப்ரொவைடர் ஐடி), ஜனங்களுக்குத் தெரிஞ்ச பிராண்ட் பேரு, ஃபேப்ரிக்ல உள்ள வீட்டு நம்பர், டெக்னாலஜி கோட், டவுன்லோட், அப்லோட், லேட்டன்சி, வீடா கடையாங்கற எழுத்து. வயர்லெஸ்ல லைசென்ஸ் இல்லாத பேண்டுன்னா 70, லைசென்ஸ் எடுத்த பேண்டுன்னா 71, சிபிஆர்எஸ்ங்கற 3.5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுல பொதுவா திறந்து விட்ட பகுதிய ஓட்டுனா 72. க்ளையன்ட் கூசாம எல்லாத்துக்கும் 70 போடுன்னுவாரு, ரேடியோ மாடல் என்னன்னு கேட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. ஸ்பீடுன்னா அந்த வீட்டுக்கு விளம்பரம் பண்ற அதிகபட்ச பிளான், ரேடியோ டப்பா மேல போட்டிருக்குற நம்பர் இல்ல. லேட்டன்சி, அதாவது சிக்னல் போயிட்டு திரும்ப வர்ற நேரம், 100 மில்லிசெகண்டுக்குள்ளன்னா 1, கூடுனா 0. வீடு மட்டும்னா ஆர், கடைக்கு மட்டும்னா பி, ரெண்டுக்கும் குடுத்தா எக்ஸ்.

இன்னொரு கணக்கு சந்தாதாரர் கணக்கு, இத மேல சொன்னதோட போட்டுக் குழப்பிக்காதீங்க. மேல உள்ளது குடுக்க முடிஞ்ச வீடு, இது காசு கட்டுற வீடு. சென்சஸ் டிராக்ட் (பல பிளாக் சேந்த பெரிய துண்டு) வாரியா, டெக்னாலஜி வாரியா, ஸ்பீடு வாரியா எத்தன கனெக்ஷன், அதுல வீட்டு உபயோகம் எத்தன. மொத்தத்துக்குள்ள வீட்டு உபயோகமும் அடங்கும், அதுனால ரெண்டாவது நம்பர் மொதல் நம்பர விட கூட இருக்கவே முடியாது, கடைக் கணக்க மொதல் காலத்துல தனியா போட்டு ஏமாந்த ஆளுக இருக்காய்ங்க.

டிராக்ட் நம்பர் பதினோரு இலக்கம், மொத ரெண்டு இலக்கம் ஸ்டேட் நம்பர். ஆர்கன்சாவுக்கு 05. என் மொத ஃபைலிங்கே ஆர்கன்சா. பில்லிங்ல இருந்து லிஸ்ட் எடுத்து, டிராக்ட் சேத்து, சுத்தமா சேவ் பண்ணி, ஒரு பேரு தப்பா இருக்கேன்னு எக்செல்ல திறந்து திருத்தி மறுபடி சேவ் பண்ணேன், அம்புட்டுதான். முன்னாடி இருந்த சைபர எக்செல் முழுங்கிருச்சு, 05119-னு ஆரம்பிக்கிறதெல்லாம் 5119-னு ஆகி பத்து இலக்கமா நிக்குது. போர்ட்டல்ல ஏத்துனா எல்லா வரியும் செகப்பு. அன்னைக்குப் பாத்து எங்க ஏரியால கரண்ட் கட்டு வேற, போன் ஹாட்ஸ்பாட்ல வச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் என்ன தப்புன்னே தெரியாம வீட்டு நம்பர எல்லாம் சரி பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப சிஎஸ்வி-ய டபுள் கிளிக் பண்றதே இல்ல, டேட்டா இம்போர்ட்ல போய் அந்தக் காலத்த டெக்ஸ்டுன்னு சொல்லித்தான் திறக்குறது, சின்னத் திருத்தம்னா நோட்பேட்ல.

எப்படிக் கணக்கு போட்டோம்னு விளக்கமும் எழுதிக் குடுக்கணும், எந்த மாடல், என்ன செட்டிங், மரம் கட்டடத்த எப்படிச் சேத்தோம்னு. மாடல் ஓட்டும்போதே ஒரு பக்கம் குறிச்சு வச்சுக்கிட்டா இது அரை மணி நேர வேலை, இல்லன்னா ரெண்டு நாள். கடைசில சரின்னு உறுதி சொல்லிக் கையெழுத்து போட வேண்டியது கம்பெனி ஆபீசரும் தகுதி உள்ள இன்ஜினியரும் தான். நீயே போட்டுரு தம்பின்னு சில பேரு சொல்லுவாய்ங்க, போட்டுறாதீங்க, பொய்க் கணக்குன்னு வந்தா அபராதம் உண்டு.

ஃபைல் பண்ணி முடிச்சா நிம்மதின்னு நெனைக்காதீங்க, சேலஞ்ச் வரும். ஒரு வீட்டுக்காரரு, கூப்ட்டேன், வரமாட்டேன்னுட்டாங்க, ஆனா மேப்ல என் வீட்டுக்கு இருக்குன்னு போட்டிருக்குன்னு புகார் குடுக்கலாம். வந்தா 60 நாளுக்குள்ள பதில் சொல்லணும், ஒத்துக்கணும் இல்ல ஆதாரத்தோட மறுக்கணும். பதிலே சொல்லாம விட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தம், அந்த வீட்ட லிஸ்ட்ல இருந்து எடுக்கணும். மறுத்தா அதுக்கப்பறம் பேசித் தீத்துக்க இன்னொரு 60 நாள். இந்த அறிவிப்பு கம்பெனி மெயிலுக்குப் போகும், முதலாளி அத விளம்பர மெயில்னு நெனச்சுத் தள்ளிருவாரு, அதுனால போர்ட்டல்ல வாரத்துக்கு ஒருக்கா நீங்களே எட்டிப் பாத்துருங்க. அந்த வீட்டுக்கு சிக்னல் எப்படிப் போகுதுன்னு காட்டுற படமும், பக்கத்து வீட்டு கஸ்டமரோட ரீடிங்கும் இருந்தா மறுக்கலாம். இல்லன்னா கம்முன்னு ஒத்துக்கச் சொல்லிருங்க, ஒரு வீட்டுக்காக மல்லுக்கட்டி மிச்ச லிஸ்ட்டையும் சந்தேகப்பட வைக்கிறதுல லாபம் இல்ல.

ஒவ்வொரு ஃபைலிங்குக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, ஏத்துன சிஎஸ்வி, ஃபேப்ரிக் வெர்ஷன், மாடல் செட்டிங், க்ளையன்ட் அனுப்புன டவர் மெயில் எல்லாத்தையும் தேதியோட வச்சுக்கங்க. அடுத்த தடவ அவரு எந்த டவர இறக்குனாரு, எத ஏத்துனாருன்னு மட்டும் கேட்டா போதும், மிச்சம் அப்படியே நிக்கும்.