சர்க்கரை அவருக்கு, தூக்கம் போவது உங்களுக்கு

நடு இரவில் எழுந்து, பக்கத்தில் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கி கழுத்து வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறீர்களா? மூன்றாவது இட்லிக்கே வீட்டில் சண்டையா? தூக்கமின்மை, அழுகை, எரிச்சல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் உங்களுக்கும் உதவி வேண்டும்.

முதலில் போன். 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஏற்காட்டுக்காரர்கள் இதற்காக மலை இறங்க வேண்டியதில்லை. "அவருக்குச் சுகர்" என்று ஆரம்பித்தால் பேச்சு மாத்திரையிலும் சாப்பாட்டிலும் முடிந்துவிடும். "எனக்குத் தூக்கம் இல்லை, பயமாக இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள்.

நேரில் பேச, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் உங்கள் பெயரில் ஓ.பி. சீட்டு போடுங்கள், அவருடைய சீட்டு இதற்கு உதவாது. ஒரு வாரம் தூங்கிய மணிக்கணக்கையும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.

பயத்தில் பெரும்பங்கு சர்க்கரை இறங்குவதைப் பற்றியதுதான். அதற்கு முதலுதவி தெரிந்திருந்தாலே மனசு கொஞ்சம் அடங்கும். அளவு 70க்குக் கீழே போய், நினைவும் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லையா, வாயில் எதையும் ஊற்றாமல் 108. அந்த நேரத்தில் அவர் கத்துவது மூளைக்குக் குளுக்கோஸ் போதாததால்; உங்கள் மேல் வெறுப்பால் அல்ல.

உயிரை விடலாம் என்று தோன்றினால் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். உடனே 14416 அல்லது அரசு மருத்துவ உதவி எண்ணான 104.